அலுவலகத்து மாவேலியின் ஓலைக்குடை

மலையாள நாட்டின் தலைநகரில், வலியசாலையில், எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஓர் ஓலைக்குடை தொங்குகிறது. பனையோலையால் வேய்ந்தது, மூங்கில் காம்பு, விரித்தது விரித்தபடியே இருக்கும், மடக்க முடியாது. முதன்முதலாக அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று வாசல் நிலையில் இடித்துக்கொண்டு நின்றுவிட்டது. பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே ஒரு நாற்காலியை நகர்த்தி, ஒருவழியாகச் சேர்த்தோம். ஓலை இப்போது பழுப்பேறிவிட்டது. இரண்டு இடங்களில் ஈர்க்கு விட்டுப்போய், செப்புக் கம்பியால் நானே கட்டியிருக்கிறேன். வாழ்நாளின் பெரும்பகுதியை ஓர் அரசுத் துறையின் இயக்குநரகத்தில் கழித்து, நிர்வாக அதிகாரியாக ஓய்வு பெற்றவன் நான். வழியனுப்பு விழாவில் தந்த கேடயமும் குழுப் புகைப்படமும் பெட்டிக்குள் இருக்கின்றன. சுவரில் இருப்பது இந்தக் குடை மட்டுமே. யாராவது கேட்டால், "அலுவலக நினைவுப்பொருள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

இதுவரை சொல்லாததை இப்போது எழுதக் காரணம் உண்டு. எங்கள் பழைய அலுவலகத்தார் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லி வருகிறார்கள். நான் குடித்துவிட்டு ஆடினேன் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். வாழ்நாளில் மோரைவிடக் காரமானது எதையும் நான் குடித்ததில்லை. என் கிரீடம் கீழே விழுந்தது என்று இன்னொருவர். நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது நல்லது.

குடைக்கு உரியவர் எங்கள் அலுவலகத்தில் தபால் அனுப்பும் பிரிவின் எழுத்தர். பொன்முடி மலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, அங்கிருந்தே வேலைக்கு வந்துபோன தமிழர். அகலமான உடம்பு, அதைவிட அகலமான வயிறு, எந்நேரமும் சிரிக்க ஆயத்தமாக இருக்கும் முகம். ஆண்டுக்கொருமுறை திருவோணத்தன்று பாதாளத்திலிருந்து தம் மக்களைப் பார்க்க வருகிற மகாபலிச் சக்கரவர்த்தியை மலையாள நாட்டில் மாவேலி என்பார்கள். ஓண விடுமுறைக்கு முந்தைய வேலைநாளில் எல்லா அலுவலகங்களிலும் ஒருவர் மாவேலி வேடமிட்டு வருவது வழக்கம். எங்கள் அலுவலகத்தில் அந்த வேடம் அவருக்கே பட்டா போட்டது போல இருந்தது. ஆண்டு முழுவதும் எல்லாரும் அவரை மாவேலி என்றே அழைத்தார்கள். நான் ஒருவன்தான் பதவிப் பெயரைச் சொல்லி அழைத்தேன்.

அவர் என்னிடம் தமிழில் பேசுவார்; நான் மலையாளத்திலேயே பதில் சொல்வேன். இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியிலிருந்து என் பாட்டனார் காலத்தில் இந்நகருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம் என்பது நான் வகுத்துக்கொண்ட கோடு. இரண்டு தமிழர்கள் தமக்குள் தமிழில் பேசிக்கொண்டால், ஏதோ சலுகை கைமாறுகிறது என்று நினைக்க நாலு பேர் இருப்பார்கள். என் பெயருக்கு அப்படியொரு களங்கம் வருவதை நான் விரும்பவில்லை.

அவருக்கு நான் காட்டாத சலுகைகளில் முதலாவது நேரம். மலையிலிருந்து வரும் பேருந்துகள் குறைவு. வளைவுகளில் எங்காவது ஒன்று நின்றுவிட்டால் அவர் வந்து சேரப் பத்தே காலாகும், பத்து இருபதாகும். நான் அந்தப் பிரிவுக்குச் சூப்பிரண்டாக வந்த முதல் வாரத்திலிருந்தே வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு மை விழத் தொடங்கியது.

"பஸ்ஸு சதிச்சுருச்சு, சாரே" என்பார். கோபமே இருக்காது.

அந்த ஆண்டு ஓணக் கொண்டாட்ட நாளன்று நான் ஒன்பதரைக்கு வந்தபோது, அவர் அதற்கு முன்பே வந்து, மடங்காத அந்தக் குடையைத் தாழ்வாரத் தூணில் சாத்திவிட்டு, முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். மாவேலிக்கு மட்டும் பஸ் நேரத்துக்கு வந்துவிடுகிறதோ என்று குத்தலாகக் கேட்டேன்.

"ராஜாவுக்கு வழி விடாத பஸ் உண்டோ சாரே?" என்றார், வரைந்த மீசை கலையாமல் உதட்டை இறுக்கிக்கொண்டு. குடையோடு எந்தப் பேருந்திலும் ஏற முடியாது என்பதால், தேயிலை ஏற்றி வரும் தோட்டத்து லாரியில் விடியற்காலையில் தொற்றிக்கொண்டு வருவார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அன்றைய அலுவலகத்தின் அழகை நான் மறுக்க மாட்டேன். நடுக்கூடத்து மேசைகளை ஓரங்கட்டி, பெண்கள் வாடாமல்லியும் அரளியும் செவ்வந்தியும் கொண்டு பூக்களம் இட்டிருந்தார்கள். பின்கட்டில் கொட்டகை போட்டு அவியலும் எரிசேரியும் கொதித்துக்கொண்டிருந்தன. முற்றத்தில் வடம் இழுக்கும் போட்டி. ஒரு பக்கம் தட்டச்சுப் பிரிவு, மறுபக்கம் கணக்குப் பிரிவு. கயிறு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஓரத்தில் நின்றவர்கள் வஞ்சிப்பாட்டு என்னும் படகுப் பாட்டை விடாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். நம் எழுத்தர் பூக்களத்தைச் சுற்றிவந்து, "பூவு தோவாளை, இலை வள்ளியூரு, மாவேலி பொன்முடி லயம். எல்லாம் தமிழாக்கும். பசி மாத்திரம் மலையாளம்" என்றார். மலையாளிகள்தாம் அதற்கு உரக்கச் சிரித்தார்கள்.

பதினொரு மணிக்குச் செண்டை முழங்கியது. "ஆர்ப்போ" என்று ஒருவர் குரல் கொடுக்க, "இர்ரோ" என்று கூடம் அதிர்ந்தது. சிவப்புப் பட்டு, தங்கக் காகிதக் கிரீடம், மார்பில் மணிமாலை, தலைக்குமேல் அந்தக் குடை. மாவேலி ஒவ்வொரு பிரிவாக வந்தார். மாவேலி வந்தால் எழுந்து கைகூப்ப வேண்டும், அதுதான் மரபு. இயக்குநரே எழுந்து நின்றார். என் பிரிவுக்குள் அவர் நுழைந்தபோது நான் எழவில்லை. கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். அலுவலக நேரம் அலுவலக நேரம்தான் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்மை. முந்தைய நாள் யார் பெயருக்கு நேரே சிவப்பு மை இட்டேனோ அவர் முன்னால் எழுந்து நிற்க உடம்பு வளையவில்லை என்பது அதைவிடப் பெரிய உண்மை.

செண்டை நின்றது. கூடம் முழுவதும் என்னையே பார்த்தது. அவர் என் மேசைக்கு அருகில் வந்து, குடையை என் தலைக்கு மேலாகப் பிடித்தார். "எந்திரிக்க வேண்டாம். என் பிரஜை வேலை செய்யுது. நான் ஆண்ட காலத்துலயும் இப்படியாக்கும். ஒரு ஃபைலு பெண்டிங் கிடையாது!" என்று அரசருக்குரிய கம்பீரத்தோடு அறிவித்தார். கூடம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் அவமரியாதை ஒரு வேடிக்கையாக மாறி என் மானம் பிழைத்தது. பிழைக்க வைத்தவர் யாரென்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஓணம் முடிந்து அலுவலகம் திறந்த அன்று அவர் இருபது நிமிடம் தாமதமாக வந்தார். சிவப்பு மை இட்டேன்.

கொண்டாட்ட நாளன்று நண்பகலில் எல்லாரும் கீழே இலைக்கு முன் அமர்ந்தோம். இந்நகரத்துச் சத்யையில், அதாவது விருந்தில், பாயசத்துக்கு முன்பாக இலையில் மஞ்சளாக ஒரு போளி விழும். அதைப் பிய்த்து, அதன்மேல் பால் பாயசத்தை ஊற்றச் சொல்லி, கையாலேயே பிசைந்து வழித்து உண்பார்கள். எங்கள் வீட்டில் போளியைத் தனியாக நெய் தொட்டு உண்பதுதான் பழக்கம். இலையில் ஓடுகிற பாயசத்தை விரலால் துரத்துவது எனக்கு அநாகரிகமாகப் பட்டது. எதிர்வரிசையில் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்த மாவேலி, "சாரே, போளி தனியா இருந்தா அது சங்கடப்படும்" என்றார். நான் கேட்காதவன்போல் இருந்தேன். மறு ஆண்டு ஒரு ஓரமாகப் பிசைந்து பார்த்தேன். அதற்கடுத்த ஆண்டு இரண்டாவது போளி கேட்டு வாங்கினேன். பாலின் இனிப்பும் பருப்புப் பூரணத்தின் இனிப்பும் ஒன்றையொன்று மட்டுப்படுத்துகின்றன என்பதை இன்று எவரிடத்திலும் வாதாட நான் ஆயத்தம்.

இடையில் ஒருமுறை குடும்பத்தோடு பொன்முடிக்குச் சென்றோம். திரும்பும் வழியில் வளைவொன்றில் பேருந்து நின்றுவிட்டது. மூடுபனியில் இரண்டு மணி நேரம் காத்திருந்தபோது, இந்த வழியாகத்தான் ஒரு மனிதர் நாள்தோறும் என் பதிவேட்டுக்கு வந்து சேர்கிறார் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. விதியை நான் மாற்றவில்லை. பதிவேட்டைப் பத்து ஐந்துக்குப் பார்த்துவந்தவன், அதன்பின் பத்தரைக்குப் பார்க்கத் தொடங்கினேன், அவ்வளவுதான். யாரும் எதுவும் கேட்கவில்லை. பெண்கள் பொங்கலிடும் பொங்காலைத் திருநாளுக்கு முந்தைய நாள் அவர், அப்பம் அவிப்பதற்கான மணமுள்ள தெரளி இலைகளை மலையிலிருந்து கட்டிக்கொண்டுவந்து அலுவலகப் பெண்களுக்குப் பங்கிடுவார். அந்த ஆண்டு முதல் ஒரு கட்டு என் மேசையிலும் இருந்தது. "வீட்டம்மாவுக்கு" என்று மட்டும் சொல்வார்.

நான் நிர்வாக அதிகாரியாகி, ஓய்வுக்கு இரண்டாண்டு இருக்கும்போது அவர் பக்கவாதத்தில் விழுந்தார். இடது கால் சரியாக மீளவில்லை. வரப்போகும் ஓணமே பணியில் அவருக்குக் கடைசி; அதற்கடுத்த ஓணத்துக்குமுன் ஓய்வு. புதிய மாவேலி யார் என்பதில் அலுவலகத்து இரண்டு ஊழியர் சங்கங்களும் முட்டிக்கொண்டன. ஒரு சங்கம் சொன்ன ஆளை மற்றது ஏற்கவில்லை. மாவேலியே வேண்டாம் என்னும் அளவுக்குப் பேச்சு போனது. அப்போதுதான் அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"சாரே, மாவேலியாக்கும் பேசுறது."

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இடது காலு லீவு கேட்டுச்சு. நான் சாங்ஷன் பண்ணிட்டேன்." பிறகு குரல் தணிந்தது. "சாரே, ஒரு கொல்லம், ஒரே ஒரு வருசம் விட்டுப்போச்சுன்னா, அப்புறம் வாடகைக்கு ஆளைப் பிடிப்பானுக. நான் கண்ணால பாத்துட்டு ரிட்டயர் ஆகணும். ரெண்டு சங்கத்துலயும் இல்லாத ஒரே ஆளு சார்தான்."

நான் என்ன செய்ய வேண்டும், சுற்றறிக்கை ஏதாவது அனுப்ப வேண்டுமா என்று மலையாளத்தில் கேட்டேன்.

"சர்க்குலர் வேண்டாம். சார் கிரீடம் வெச்சா மதி, அது போதும்" என்றார்.

நான் மறுத்தேன். மறுநாள் தோட்டத்து லாரி அலுவலக வாசலில் குடையை இறக்கிவிட்டுப் போனது. மூன்று நாட்கள் அது என் அறை மூலையில் நின்றது. எனக்குக் கீழே ஐம்பது பேர் வேலை பார்த்தார்கள். அவர்கள் முன்னால் சாயம் பூசி, வெறும் மார்போடு நடப்பதா? சிரிப்புக்கு இடம் கொடாமல் காப்பாற்றி வந்த பெயர் ஒரே நாளில் என்னவாகும்? வீட்டில் சொன்னபோது என் மனைவி முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "வெச்சுக்கோங்கோ. ஆனா நெஞ்செலும்பை எண்ணிடலாம், மேலே ஒரு பட்டுத் துண்டைப் போட்டுக்கோங்கோ. அவர் ஒரு தடவை உங்க மானத்தைக் காப்பாத்தலையா?" என்றாள். அந்த முதல் ஆண்டுக் கதையை நான் அவளிடம் சொன்னதே இல்லை. தெரளி இலை வாங்கிய பெண்கள் வழியாக வந்திருக்க வேண்டும்.

ஆகவே கிரீடம் வைத்தேன். நான் ஒல்லியானவன், வயிற்றுக்குத் தலையணை கட்டும் யோசனையை மறுத்துவிட்டேன். செண்டை முழங்க, மூன்று மாடிகளும் ஏறி இறங்கினேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள். சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். கடைசியாகத் தபால் பிரிவு. அங்கே தம் பழைய மேசைக்கருகில் நாற்காலியில் அவர் அமர்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, இளைத்துப்போன தோள்கள். என்னைக் கண்டதும் மேசை விளிம்பைப் பிடித்து எழத் தொடங்கினார். வேண்டாம் என்று கையசைத்தேன். கேட்கவில்லை. வலது கால் ஊன்றியது, இடது கால் வரவில்லை, மறுபடி முயன்றார். உதவப் போனவர்களைத் தலையசைத்து நிறுத்தினார். செண்டைக்காரர் கோலை நிறுத்திவிட்டார். எழுத்தர் முழுவதுமாக நிமிர்ந்து கைகூப்பும்வரை கூடம் அசையவில்லை.

"உக்காருங்க" என்றேன். அந்தக் கட்டடத்தில் நான் பேசிய முதல் தமிழ்ச் சொல் அது.

"அதெப்படி சாரே? மாவேலி வர்றப்போ எந்திரிக்காம இருக்கலாமா?"

அதைக் குத்தலாகச் சொன்னாரா என்று பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். அவர் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. மரபை மட்டும்தான் சொன்னார். ஆனால் எனக்கு எட்ட வேண்டியது எட்டியது. மாவேலி கேட்க வேண்டிய கேள்வியைத் தமிழிலேயே கேட்டேன்: "சுகமா இருக்கீங்களா?" கேட்டுவிட்டுத் தலை குனிந்தேன். கிரீடம் விழவில்லை, குனிந்த தலையோடு சற்று இறங்கியது, அவ்வளவுதான். நான் தலை நிமிராமல் நிற்பதை அவர் கண்டிருக்க வேண்டும். பட்டுக்கு வெளியே தெரிந்த என் விலா எலும்புகளை மேலும் கீழும் பார்த்து, "நான் சுகமாக்கும். தம்புரானுக்குத்தான் பாதாளத்துல ரேஷன் நிறுத்திட்டாங்க போல!" என்று உரக்கச் சொன்னார். கூடம் சிரிப்பில் உடைந்தது. இரண்டாம் முறையும் அவரே என்னைக் காப்பாற்றினார். ஊர்வலம் கதவைத் தாண்டும்வரை அவர் உட்காரவில்லை.

மாலையில் குடையைத் திருப்பித் தரப் போனேன். "அது சார்கிட்டயே இருக்கட்டும். எனக்கு இனி லாரில தொத்த முடியாது" என்றார். நான்காண்டுகள் கழித்து அவர் மறைந்த செய்தி வந்தது. பொன்முடிக்குப் போய்வந்தேன். பேருந்து அன்றும் தாமதம்தான்.

இப்போது எங்கள் தெருவின் குடியிருப்போர் சங்கம் ஒவ்வொரு திருவோணத்துக்கும் கல்லூரி மாணவன் ஒருவனை மாவேலியாக அனுப்புகிறது. முதல் ஆண்டு அவன் ஞெகிழிக் குடையோடு வந்தான். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, சுவரிலிருந்து இந்தக் குடையை எடுத்துக் கொடுத்தேன். அதுமுதல் அவன் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, குடையை வாங்கிக்கொண்டுதான் தெருவில் இறங்குகிறான். வாசல் நிலையில் அதைச் சாய்த்துக் கொண்டுபோகக் கற்றுக்கொண்டுவிட்டான். நான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னறையில் நிற்பேன். முழங்கால் வலிக்கும். "அவன்தான் போயாச்சே, உக்காருங்கோப்பா" என்பான் என் மகன். தெருமுனை வரை போய், எல்லா வீடுகளையும் பார்த்துவிட்டு, உச்சிப்பொழுதில் குடை திரும்பி வந்து சுவரேறும்வரை நான் உட்காருவதில்லை.