தானாகவே போனவள்

ஓர் ஆளை வேலையை விட்டு நிறுத்தினால் அந்த ஆளுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கும். அதற்காக முதலாளி கட்டும் பங்கை அடுத்த ஆண்டே ஏற்றிவிடும். ஆள் தானாகப் போய்விட்டால் இரண்டும் இல்லை. முடிவெட்டும் கடையில் யாரோ இப்படிச் சொல்ல, சலவைக்கடை முதலாளியின் மச்சான் அதைக் கொண்டுவந்து அவர் காதில் ஓதினான்.

விசாரித்துப் பார்க்கும் பழக்கம் முதலாளிக்கு ஏது? கழுத்துப்பட்டை விறைப்பாக இருந்தால் போதும், உள்ளே அழுக்கு எப்படிக் கிடந்தால் என்ன என்று வாழ்கிறவர். வேலையாட்கள் அவருக்கு வைத்த பெயர் கஞ்சி.

வியாபாரம் படுத்துவிட்டது. இஸ்திரி போடும் அக்காவை அனுப்ப வேண்டும். முகத்துக்கு நேரே சொல்ல முதுகெலும்பு வேண்டுமே! முதலில் அவளுடைய நாற்காலி காணாமல் போனது. அப்புறம் மின்விசிறி கல்லாப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைசியில் அவள் மேசையே பாய்லர் ஓரத்துக்குப் போனது.

"என்னக்கா, இங்க ரொம்ப சூடா இருக்கே, கஷ்டமா இல்லையா?"

"கையில இஸ்திரிப் பெட்டிய வச்சுக்கிட்டு சூட்டுக்குப் பயந்தா ஆகுமா மொதலாளி?"

அவள் அசையவில்லை. இவருக்குத்தான் பொறுமை போயிற்று. ஒருநாள் சாயங்காலம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நாளையிலேர்ந்து வராதீங்க" என்றார். உதவித்தொகை அலுவலகம் காரணம் கேட்டபோது, "தானாவே போயிட்டாங்க" என்றார், கூசாமல்.

அந்த ஒரு வார்த்தையில் அவள் பணம் நின்றது. வீட்டு வாடகைக்கு அதைத்தான் நம்பியிருந்தாள். போகவில்லை, அனுப்பினார்கள் என்று அவள் முறையிட, அலுவலகம் கஞ்சிக்குச் சொல்லியனுப்பியது: காலையில் கடைக்குப் போன் செய்து விசாரிப்போம், எடுக்காவிட்டால் அந்த அம்மா சொன்னதையே வைத்து முடிவெடுப்போம்.

மறுநாள் காலை கல்லாவுக்குப் பக்கத்தில் போன் அலறியது. கஞ்சி தொண்டையைச் செருமிக்கொண்டு கையை நீட்டினார்.

"எடுங்க, எடுங்க," என்றாள் கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவி. "அப்படியே ஸ்பீக்கர்ல போடுங்க. நானும் ரெண்டு வார்த்தை பேசணும்."

"நீ எதுக்கு? இது கடை விஷயம்."

"கடையிலதான நானும் இருந்தேன், நீங்க ஜன்னல்கிட்ட பேசி அவள அனுப்புனப்போ?"

நீட்டிய கை பாதி வழியில் நின்றது. பொய் சொல்ல அவருக்குத் துணிச்சல் உண்டு. உண்மை தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது சொல்லத்தான் இல்லை.

"எவனாவது துணி ரெடியான்னு கேப்பான், விடு," என்று முணுமுணுத்தபடி, மடித்து அடுக்கியிருந்த சட்டை ஒன்றை உதறி மறுபடியும் மடிக்க ஆரம்பித்தார்.

போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.