சுரங்கத்துக்குள் கேட்ட எஞ்சின்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன். அக்காவும் சாட்சி. ஆனால் அவளிடம் கேட்காதீர்கள், எழுந்து போய்விடுவாள்.

இரவு ஷிப்ட் வேலையை நான் விட்டிருந்த நேரம். தூக்கம் மட்டும் இன்னும் பழைய ஷிப்டிலேயே இருந்தது. அக்கா வீட்டில் சோறு, மாமாவின் பழைய காரைத் துடைப்பது, அவ்வளவுதான் பிழைப்பு. பழைய கார் வைத்திருப்பவர்களின் கிளப்பில் மாமா உறுப்பினர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முதுகுவலி. "நீயே அக்காவைக் கூட்டிட்டுப் போயிட்டு வாடா" என்று சாவியைத் தூக்கிப் போட்டார். மூடிப்போன சுரங்கம் ஒன்றை மியூசியமாக மாற்றியிருந்தார்கள். கிளப் கார்களில் வரிசையாக அங்கே போனோம்.

தூறிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு ஏழாம் மாதம்.

"அத்தனை படி என்னால ஆகாது. நான் வண்டியிலயே கொஞ்சம் கண்ணசர்றேன்."

முன் சீட்டைச் சாய்த்துவிட்டேன். கண்ணாடிகளை ஏற்றினேன். சாவி என் சட்டைப்பையில்.

கிளப் மெக்கானிக் குனிந்து பார்த்தார். "டேய் ஆந்தை, சைலன்சர்ல ஓட்டை. புகை உள்ள வரும். நிறுத்தி வச்சு எஞ்சினை ஓட விடாத."

"ஆந்தைகிட்ட பகல்ல பேசி என்னண்ணே பிரயோஜனம்? நின்னுக்கிட்டே தூங்குறான்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

கீழே குறுகலான பாதை. தலையில் விளக்கு வைத்த தொப்பி. வழிகாட்டி எங்களை நிறுத்தினார். "இப்ப எல்லா விளக்கையும் அணைக்கணும். ஒரு நிமிஷம்தான். நிஜ இருட்டுன்னா என்னன்னு பாருங்க."

நான் கடைசியில் இருந்தேன். சுவரில் ஒரு பொந்து. ஓர் ஆள் நிற்கலாம். உள்ளே போய்ச் சாய்ந்துகொண்டேன். என் முதுகுக்கு அளவெடுத்துக் குடைந்த மாதிரி இருந்தது.

மணி 11.40. விளக்குகள் அணைந்தன.

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். பிறகு ஒன்றுமில்லை. இத்தனை பேர் பக்கத்தில் நிற்கிறார்கள்... ஒருவருடைய மூச்சுகூடக் கேட்கவில்லை.

அப்போது கேட்டது.

க்ர்ர்... க்ர்ர்...

எங்கள் காரின் ஸ்டார்ட்டர். இரண்டு முறை இருமி, ஒருமுறை விக்கி, அப்புறம்தான் பிடிக்கும்.

பிடித்தது.

மேலே அல்ல. என் காதுக்குப் பக்கத்தில்.

சட்டைப்பையைத் தொட்டேன். சாவி இருந்தது.

வெளியே வரக் கையை நீட்டினேன். செங்கல்.

இடது பக்கம்... செங்கல்.

"அக்கா!"

குரல் என் வாயைத் தாண்டவில்லை. தோளால் இடித்தேன். மறுபடி இடித்தேன்...

வெளிச்சம். பாதை நடுவில் குப்புறக் கிடந்தேன்.

"என்னடா ஆச்சு?" மெக்கானிக்தான். எழுந்து படியேறி ஓடினேன்.

கார் ஓடிக்கொண்டிருந்தது.

சாவித் துளை காலி. உள்ளே ஒரே புகை. அக்காவின் தலை தொங்கிக் கிடந்தது.

கதவைத் திறந்தேன். எஞ்சின் தானாக நின்றது.

இழுத்து வெளியே போட்டேன். கன்னத்தில் அறைந்தேன்.

இருமினாள்.

எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, அதே காரில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்தில்லை என்றார் டாக்டர். அப்புறம்தான் மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டு, பொந்தில் நின்ற கதையைச் சொன்னேன்.

மாலையில் அவரே திரும்பப் போன் செய்தார். "ஏதோ பொந்துல நின்னேன்னு சொன்னியே... வழிகாட்டிகிட்ட கேட்டேன். ரொம்ப வருஷம் முன்னாடி இருந்துச்சாம். வெடி வைக்கும்போது ஒதுங்கி நிக்கிற இடம். ஒருத்தன் புகையில மாட்டி அங்கயே செத்துட்டானாம். செங்கல் வச்சு மூடிட்டாங்க. இப்ப அது வெறும் சுவருடா."

அக்கா கண் விழித்தாள்.

"நீ போனதும் ஒருத்தர் கண்ணாடியைத் தட்டினாருடா. தொப்பலா நனைஞ்சிருந்தாரு. மியூசியத்து ஆளுன்னு நெனச்சுக் கதவைத் திறந்தேன். பின்னாடி ஏறி உக்காந்தாரு. 'உங்க தம்பி என் இடத்துல நிக்கிறாரு, அதுவரைக்கும் இங்க இருக்கேன்'னாரு."

"எப்ப இறங்கினாரு?"

என்னையே பார்த்தாள்.

"இறங்கலயேடா. ஆஸ்பத்திரி வாசல்ல நீ என்னைத் தூக்கும்போதுகூடப் பின்னாடிதான இருந்தாரு. நீதான கதவைப் பூட்டின?"

அந்த வாரமே காரை விற்றோம். வாங்கியவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. போன மாதம் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, பின்சீட்டு ஈரம் மட்டும் காயவே மாட்டேங்குது. எங்கயாச்சும் ஒழுகுதா?"

போனை வைத்துவிட்டேன்.