நான் சேர்த்துப் படித்த வரி

ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே பெண் நான். மிஷன் பள்ளியில் ஆறாவது வரைதான். அதற்கே எனக்குத் தலைகால் புரியாத பெருமை. யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள்.

கடிதம் படித்துக் காட்டுவதில் ஒரு வழக்கம் இருந்தது. எழுதியவர் நலம் விசாரிக்க மறந்திருந்தால், படித்துக் காட்டுகிறவர்களே சேர்த்துக்கொள்வோம். வீட்டில் இருப்பவர்களை ஒவ்வொருவராகச் சொல்லி, கேட்டதாகச் சொல்லவும் என்று முடித்தால்தான் கேட்பவர்களுக்கு மனம் நிறையும். நாங்கள் சேர்த்தது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தோம்.

அடுத்த வீட்டு அக்காவின் கணவர், கைக்குழந்தையான குட்டியை விட்டுவிட்டு, சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை வேலைக்குப் போயிருந்தார். மூன்றே மாதம், வயிறு நிறையச் சோறு என்று சொல்லி அழைத்துப் போனார்கள். நாங்கள் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த நாட்கள். ஐந்தாம் மாதம், ஆள் சேர்க்கும் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியே வந்து, அவர் எழுதியதென்று ஒரு கார்டைக் கொடுத்தார். அதில் தபால் முத்திரை இல்லை. அன்று அது என் கண்ணில் படவே இல்லை.

நான் சுகம். சாப்பாடு தாராளம். வேலை சுலபம். இன்னும் ஆட்கள் வந்தால் நல்லது. அவ்வளவுதான் இருந்தது. அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. "குட்டிக்குக் காது குத்தியாச்சான்னு கேட்டிருக்காரு" என்று சேர்த்துப் படித்தேன்.

அக்கா அழுதுவிட்டார். "அப்ப இது அவரேதான் தங்கச்சி. போறப்ப அதைத்தான் சொல்லிட்டுப் போனாரு. வேற யாருக்குத் தெரியும்?"

அவர் போகும்போது சொன்னதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நானும் கேட்டிருந்தேன்.

கிள்ளானில் ஒரு தோட்டத்தில் அக்காவின் ஒரே தம்பி இருந்தார். சயாமுக்குப் போவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தவர். போகலாம் என்று அக்கா அன்றே சொல்லி அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து, கோடி வீட்டு அம்மாள், சயாமுக்குப் போன தன் மகன் எழுதியதென்று ஒரு கார்டைக் கொண்டுவந்து நீட்டினார். அதே வரிகள், அதே கையெழுத்து. இரண்டையும் ஆபீஸ் ஆள் ஒருவரே எழுதியிருக்கிறார் என்று புரிந்தது. தம்பி கிளம்ப இன்னும் மூன்று நாள் இருந்தது. அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் கார்டு பொய் என்றால், காது குத்து எங்கிருந்து வந்தது என்று கேட்பாரே. படித்த பெண் என்ற பேர் போய்விடும் என்று பயந்தேன். வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை. தம்பி சொல்லிக்கொள்ள வந்தபோது, "பத்திரமா போயிட்டு வாங்கண்ணே" என்று கிழங்கு அவித்துக் கட்டிக் கொடுத்தேன்.

எனக்குத் தெரிந்தது எழுத்துக்கூட்ட மட்டும்தான். ஒரு காகிதத்தை யார் கொண்டுவந்தது, நாம் நம்பினால் யாருக்கு ஆதாயம் என்று கேட்க எந்தப் பள்ளியிலும் சொல்லித் தரவில்லை. இன்று ஓட்டுக் கேட்டு நோட்டீஸ் கொடுத்தாலும் முதலில் அச்சடித்தவர் யார் என்றுதான் தேடுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஜப்பான் சண்டை முடிந்தபின், சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய ஒருவர் அக்காவைத் தேடி வந்தார். கணவர் போன இரண்டாம் மாதமே வாந்திபேதியில் இறந்துவிட்டாராம். தம்பியைத் தன் கையாலேயே புதைத்ததாகச் சொன்னார். அக்கா, கூட இருந்த என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டாம் மாசம் செத்தவரு, அஞ்சாம் மாசம் எப்படி குட்டியைக் கேட்டாரு?"

எல்லாவற்றையும் சொன்னேன், கோடி வீட்டுக் கார்டு உட்பட. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"உள்ளதை மட்டும் படிச்சிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். தம்பியைப் போகச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

அடுத்த மாதம் குட்டியைத் தூக்கிக்கொண்டு பந்திங் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டார். போகும்போது வரிசையில் எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டார். எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.