பெட்டி கடந்த கால்வாய்

எனக்கு எழுபத்தெட்டு வயசு. நாலு பெத்தேன், ஆறு வளர்த்தேன். செத்துப்போன கொழுந்தனாருடைய பிள்ளைகள் ரெண்டும் அதில் சேர்த்தி. என் பேரை எழுதுவேன், தெரிந்த சங்கீதத்தை விரல் வைத்துப் படிப்பேன். மற்றதை நான் சொல்ல, பேத்தி ஸ்டெல்லா எழுதுகிறாள்.

போன வாரம் டவுனிலிருந்து சிலபேர் காரில் வந்தார்கள். தடாவுக்குக் கிழக்கே எங்கள் ஊரை ஒட்டிப் போகிற பழைய கால்வாயைக் கலாசார இடமாக ஆக்கப் போகிறார்களாம். நடைபாதை, கலர் விளக்கு, சனிக்கிழமை கச்சேரி. கரையில் ஏற்கெனவே சிமெண்டு மேடை கட்டி, பெயிண்டு வாடை போகாத ஒரு படகையும் ஏற்றி வைத்துவிட்டார்கள். கால்வாய் நாற்றம் தாங்காமல் எல்லார் மூக்கிலும் கர்ச்சீப்.

"பாட்டிம்மா, இதுல ஒக்காந்து பழைய கதை சொல்லுங்க, வீடியோ எடுக்கறோம்" என்றது ஒரு பெண்.

என்னைப் பார்த்தால் கொலு பொம்மை மாதிரியா இருக்கிறது?

நான் பார்த்த படகில் பெயிண்டு ஏது. சவுக்குப் பட்டையும் ஈரக் கயிறும்தான் மணக்கும். சூளூர்பேட்டைப் பக்கமிருந்து மெட்ராசுக்கு விறகு போகும்; ஆட்கள் கயிற்றைத் தோளில் மாட்டிக் கரையோடு இழுத்துக்கினு நடப்பார்கள். அந்தப் பட்டை வாடை எங்கே வந்தாலும் எனக்கு நைனாவை, எங்க அப்பாவைப் புதைத்த நாள்தான் ஞாபகம் வரும்.

ஊர் இந்தக் கரை, எங்கள் சபைக் கல்லறை அந்தக் கரை. நடுவில் பாலம் கிடையாது. சர்ச் மணி விட்டுவிட்டு ஒவ்வொன்றாய் அடித்தால் சாவு என்று படகுக்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் யாரும் எங்கள் வேதக்காரர்கள் இல்லை. ஆனாலும் போகிற படகு நிற்கும். குறுக்கே திருப்பி, பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போடுவார்கள். சவப்பெட்டி அதன்மேல் நடந்து போகும்.

நைனாவுக்கு அப்படி நின்றபோது ஒரு வாலிபன் மொணமொணத்தான். "லேட்டாப் போனா மெட்ராசுல மொதலாளி தோல உரிப்பான்."

மூத்த படகுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரேய், உங்கப்பன் செத்தா மொதலாளியா வந்து தூக்குவான்? கயித்தக் கட்டுரா."

பெட்டி கடக்கும்வரை படகுக்காரர்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். திரும்பி வரும்போது எங்க அம்மா அழுதுகொண்டே எல்லாருக்கும் சுக்குக் காப்பி ஊற்றினாள். தோளில் கயிறு அறுத்த தழும்போடு அவர்கள் குடித்ததை நான் பார்த்துக்கினே இருந்தேன். வயசுப் பெண் அப்படிப் பார்க்கலாமா என்று அத்தை கிள்ளினாள்.

அப்புறம் விறகு லாரியில் ஏறிக்கொண்டது. படகு நின்றுபோனது. படகு வராத தண்ணீர்தானே என்று ஓட்டல் எச்சில், கோழிக்கடைக் குடல், கக்கூஸ் தண்ணி எல்லாவற்றையும் அதில் விட்டார்கள். வெளியூர்க்காரர்கள் மட்டும் இல்லை, எங்கள் ஊர்க்காரர்களும்தான். எண்பதுகளில் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். மணி அடித்தது, நிற்க என்ன இருக்கிறது? வெள்ளை வேட்டிக்காரர்கள் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு இடுப்பு மட்டும் அந்தக் கருப்புச் சேற்றில் இறங்கினார்கள். நடுவில் ஒருவன் வாந்தி எடுத்தான். பெட்டி சாய்ந்தது, விழவில்லை. புல்லும் பூவும் போட்டு ஜோடித்த பெட்டியில் கோழி இறகு ஒட்டிக்கொண்டு கரையேறிற்று. நான் இந்தக் கரையிலேயே நின்றேன். அவருக்கு மண் போட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அவர் பக்கத்தில் எனக்கு இடம் விட்டு வைத்திருக்கிறது. அதனால் வீடியோப் பெண்ணிடம் ஒன்றுதான் கேட்டேன்.

"இந்தப் படகுமேல என் பொட்டி போவுமா?"

கூட வந்த இன்ஜினீர்தான், "இன்னாம்மா அபசகுனமா பேசற? நாலு பேரு குடும்பத்தோட வர்ற எடம்" என்றார்.

"நானும் குடும்பத்தோடதான்பா வருவேன்" என்றேன்.

அவர்கள் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டத்துக்குத் திரும்ப வருகிறார்கள். முதலில் சாக்கடையைத் தூர் வாரு, தண்ணீரை விடு, எதிர்க்கரைக்கு ஒரு வழி போடு. பாட்டுக் கச்சேரியை அப்புறம் வைத்துக்கொள். இதைத்தான் ஸ்டெல்லா அங்கே படிக்கப் போகிறாள்.

எங்கே, முதலிலிருந்து ஒருதரம் படி கண்ணு. கோழி இறகை விட்டுடாதே. பொட்டின்னு வர்ற எடத்துல கொரல எறக்காதே.