வீட்டில் அரிசி இருந்த சித்திரை

மரக்காணம் உப்பளத்தில் பதினெட்டு வருஷமாக உப்புக் கூடை சுமந்தவள் பாப்பாத்தி. 2004 கார்த்திகையில், வானூரிலிருந்து வந்த சங்கத்துக்காரர் சவரிமுத்து, கூலியை உயர்த்தக் கேட்டு முதலாளி ராஜாங்கத்தின் வீட்டு முன்னால் ஒரு போராட்டம் வைத்தார். அடைமழையில் உப்புப் பாத்திகள் ஏரியாகக் கிடக்கும், வேலை இருக்காது, பசி முற்றியிருக்கும், ஜனம் பொங்கி வரும் என்பது அவர் கணக்கு. ஆள் சேர்த்துத் தருவதாகப் பாப்பாத்தியும் சொல்லியிருந்தாள்.

வந்தது மூன்று பேர். பாப்பாத்தி அதே நேரத்தில் அதே வீட்டின் கொல்லைப்புறத்தில், பழைய சோற்றுக்காக மாட்டுக் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயே இப்பிடிப் பண்ணலாமா?" என்றார் சவரிமுத்து மறுநாள்.

"எம்புள்ளைங்க ரெண்டு நாளா கஞ்சி குடிக்கலண்ணா. அவரு வாசல்ல நின்னு கத்துவனா, கொல்லையில போயி கேப்பனா? அதுவுமில்லாம, வேலையே இல்லாதப்ப வேலைக்கு வர மாட்டோம்னா அவரு சிரிக்க மாட்டாரா?"

அடுத்த மாதம் சுனாமி வந்தது. அதன் பிறகு வந்த நிவாரண அரிசி இவர்கள் தெருவுக்கும் எட்டியது. வீட்டுக்கு இரண்டு மூட்டை. சித்திரையில், நினைவு தெரிந்து முதல் தடவையாக, நாளைய உலையைப் பற்றி யோசிக்காமல் பாப்பாத்தி வேலைக்குப் போனாள்.

ஒருநாள் உப்பு விளைந்து வாரும் பக்குவத்தில் நின்றபோது தெற்கே மேகம் கறுத்தது. ஒரு மழை விழுந்தால் அத்தனையும் கரைந்துபோகும். அவள் கூடையை வரப்பில் கவிழ்த்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்ற இருபது பெண்களும் உட்கார்ந்தார்கள்.

"கூலியில பத்து ரூபா ஏத்திக் குடுங்க மொதலாளி. வாரிடுறோம்," என்றாள், ஓடிவந்த ராஜாங்கத்திடம்.

"திமிரா? நாளைக்கு அடுப்பு எரிய வேணாமா?" என்றார் ராஜாங்கம்.

"எங்க அடுப்ப நாங்க பாத்துக்கறோம், நீங்க வானத்தப் பாருங்க," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரியம்மாள். பெண்கள் சிரித்தார்கள்.

முதல் தூறலுக்கு முன் அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் மறக்கவில்லை. அடுத்த தையில், புது விளைச்சலுக்குப் பாத்தித் தரையை மிதித்து இறுக்க ஆள் கூப்பிட்டபோது பாப்பாத்தியை மட்டும் விட்டுவிட்டார். நிவாரண அரிசி எப்போதோ தீர்ந்திருந்தது. மழைக்காலம் வீடுகளைத் துடைத்துவிட்டிருந்தது. உயர்ந்த கூலிக்குப் பெண்கள் தலைகுனிந்து பாத்தியில் இறங்கினார்கள். மாரியம்மாள் மட்டும் தயங்கி நின்றாள்.

"எறங்குடி. உன் வீட்டுப் பானையில என்ன கெடக்குதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, ஆரோவில் பக்கம் தோட்ட வேலை கேட்கப் போகும் பஸ்ஸுக்குப் பாப்பாத்தி நடந்தாள்.