அடுப்படியில் வைத்த பேட்டரி

அந்த வாடகைக் கார் ஓட்டுநருக்கு எல்லோரும் வைத்த பெயர் 'அவசரம்'. குழம்பில் உப்பு சரியா என்று கேட்டால், தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் யோசிப்பார். மனுஷன் தங்கம், நிதானம் மட்டும் மருந்துக்கும் கிடையாது.

அன்று காலை கார் கிளம்பவில்லை. பேட்டரி படுத்துவிட்டது. வெளியே மழை என்பதால் கழற்றிக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார். அங்கிருந்த ஒரே பிளக்கில் மனைவியின் போன் சார்ஜில் கிடந்தது.

"இன்னும் ஏறலீங்க," என்றாள்.

"போதும், எடுத்துக்கிட்டுப் போ."

தைக்கக் கொடுத்த துணியை வாங்க அவள் தையல் கடைக்குக் கிளம்பியதும் சார்ஜரை மாட்டினார். மெதுவாக ஏற்ற வேண்டிய கிழட்டு பேட்டரிக்கு முழு வேகத்தை வைத்தார். மூடிகளைத் தளர்த்தவில்லை. ஜன்னலையும் திறக்காமல் கதவைச் சாத்திவிட்டு சவரம் செய்துகொள்ளப் போனார்.

ஒரு கன்னம் முடிந்திருந்தது. "டீ சொல்லட்டுமாண்ணே?" என்றார் சவரக்காரர்.

"வேண்டாம்ப்பா. வீட்டுக்காரி இப்ப வந்துருவா, வந்ததும் அடுப்பைப் பத்தவெச்சு..."

வாய் அப்படியே நின்றது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வரும் வாயுவுக்கு ஒரு பொறி போதும். இது அவருக்குத் தெரியாததா என்ன? போன் போட்டார். அணைந்து கிடந்தது. அதைப் பிடுங்கிக் கொடுத்த புண்ணியவானும் அவரேதான். சோப்பு நுரையோடு ஓட்டமாக ஓடினார்.

வீடு முழுசாக இருந்தது. கதவு ஜன்னலெல்லாம் திறந்து கிடக்க, மனைவி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"கதவைத் திறந்தா அழுகின முட்டை நாத்தம். நாம முட்டை வாங்கியே எவ்வளவு நாளாச்சு? உங்க பேட்டரி கைவரிசைதான்னு புரிஞ்சுபோச்சு. எந்த சுவிட்சையும் தொடல. வெளிய இருக்கிற மெயினை அணைச்சுட்டேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உன்னைக் கொன்னிருப்பேன்டி."

"பாதி மூஞ்சியோட அழாதீங்க, சிரிப்பு வருது," என்றாள். முந்தானையால் அவர் கன்னத்து நுரையைத் துடைத்துவிட்டாள்.

நாற்றம் போய், பேட்டரியும் ஆறிய பிறகு அதைப் பின்பக்கத் தகரக் கூரையடியில், காற்றோட்டத்தில் வைத்தார். மூடிகளைத் திறந்து, உள்ளே தகடுகள் மூழ்கும் அளவுக்கு பேட்டரித் தண்ணீர் ஊற்றினார். சார்ஜரின் கவ்விகளை மாட்டிய பிறகே சுவிட்சைப் போட்டார். சார்ஜரைக் குறைந்த வேகத்தில் வைத்துவிட்டு, நாற்காலியைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "டீ ஆறுது, சீக்கிரம் வாங்க."

"இரு," என்றார் அவசரம். "சுவிட்சை அணைச்சுட்டு, மெதுவாத்தான் வருவேன்."