மூன்றாவது கையெழுத்து

கையெழுத்துப் போடும் முன் அமுதவல்லி கேட்கத்தான் செய்தாள்.

"எதுக்கு பிரபாகரு?"

"குடிதண்ணி டேங்குக்கு அண்ணி. கிராமசபைத் தீர்மானம்."

பிரபாகர் அவள் கணவனின் தம்பி. அப்போது வார்டு உறுப்பினர். 2024 குடியரசு தினத்தன்று, மல்பெரி இலை அறுத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவன் நீட்டிய நோட்டில் மூன்றாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். மேலே என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவில்லை. புழுவுக்கு இலை போடும் நேரம் அது.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. அதியமான்கோட்டையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே, சின்னேரிக்கொட்டாயில் வீடு. கணவன் தர்மன் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் வடக்கே ஓட்டிக்கொண்டிருப்பான். ஒன்றரை ஏக்கரில் மல்பெரி நட்டு, ஷெட் போட்டு, பட்டுப்புழு வளர்க்கத் தானாகவே கற்றுக்கொண்டவள் அவள். முதல் இரண்டு வருடம் பாதிப் புழு செத்தது. அதற்கப்புறம் பிடிபட்டது. தருமபுரி மார்க்கெட்டில் அவளுடைய பட்டுக்கூடு வந்தால் வியாபாரிகள் அதிகம் சோதிக்காமலே விலை கேட்டார்கள்.

ஜூலையில் அவள் ஷெட்டுக்கு எதிரே இருந்த பிரபாகரின் நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. பஸ் ஸ்டாப்பில் டிபன் கடை வைத்திருக்கும் நிர்மலாதேவிதான் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள்.

"பழைய டயரை உருக்கி எண்ணெய் எடுக்கிற கம்பெனியாம் அக்கா. உங்க கொழுந்தன் நெலத்தை விக்க முன்பணம் வாங்கிட்டாரு."

மூன்று வருடம் முன்னால் பக்கத்துக் காட்டுக்காரர் மாது, பன்றியை விரட்ட வரப்பில் இரண்டே இரண்டு டயரைக் கொளுத்தினார். காற்று அமுதவல்லியின் ஷெட் பக்கம் அடித்தது. மறுநாள் புழுக்கள் இலையைத் தொடவில்லை. நான்கு நாளில் மொத்தத்தையும் அள்ளிக் குழியில் கொட்டினாள். இங்கே தினமும் லாரி லாரியாக உருக்கப்போகிறார்கள். சுற்றிலும் நாற்பது வீடு, ஐந்தாறு கடை.

அமுதவல்லியும் ஊர்க்காரர்கள் பத்துப் பேரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனார்கள். மனுவை வாங்கிய அதிகாரி ஃபைலைப் புரட்டி ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார்.

"ஆட்சேபணை இல்லைன்னு உங்க கிராமசபையே தீர்மானம் போட்டிருக்கே. நாப்பத்தி மூணு கையெழுத்து. இதுல அமுதவல்லி யாரு?"

பத்துப் பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வரும்போது பஸ்ஸில் யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

அன்று சாயங்காலமே பிரபாகரைக் கேட்டாள். அவன் மழுப்பவில்லை. "என் பங்கு நெலம். எம்புள்ள கல்யாணத்துக்கு எனக்கு வேற வழி இல்ல அண்ணி" என்றான்.

"நெலத்தை விக்கிறது உன் இஷ்டம். என் கையெழுத்தை எதுக்குச் சேத்து வித்த?"

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ஆகஸ்டில் அந்த மனுவின் பேரில் கோட்டாட்சியர் விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். அந்த வாரம் ஊரில் பழக்கமில்லாத பைக்குகள் சுற்றின. நிர்மலாதேவியின் கடை முன்னால் இரண்டு பேர் வண்டியை நிறுத்தி, "கேஸ் அடுப்பு வச்சுக் கடை நடத்த லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனார்கள். மறுநாள் அவள் கடை திறக்கவில்லை.

விசாரணை அன்று காலை பிரபாகர் ஷெட் வாசலில் வந்து நின்றான். உள்ளே புழுக்கள் கூடு கட்ட இரண்டு நாள் இருந்தது.

"ஏமாத்தி வாங்கினாங்கன்னு சொன்னா எம்மேல கேஸ் வரும் அண்ணி. ஜெயிலுக்கு அனுப்பப் போறீங்களா?"

அவள் இலையைப் பரப்பிக்கொண்டே இருந்தாள். அவன் போன பிறகு தர்மன் நாக்பூரிலிருந்து போன் செய்தான். "கம்பெனி வேணாம்னு சொல்லு. அவன் பேரை மட்டும் சொல்லாத, வல்லி." அவள் போனை வைத்துவிட்டு மீதி இலையைப் பரப்பினாள்.

சமுதாயக் கூடத்துக்கு வெளியே போலீஸ் வேன் நின்றது. கம்பெனி மேனேஜர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கோட்டாட்சியர் முதல் கேள்வியே அவளிடம் கேட்டார்.

"இது உங்க கையெழுத்தா?"

"என்னுதுதாங்க."

மேனேஜர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார்.

"படிச்சுப் பார்த்துதான் போட்டீங்களா?"

"இல்லைங்க. தண்ணி டேங்குக்குன்னு சொன்னாங்க, போட்டேன். பத்தாவது படிச்சிருக்கேன். படிக்காம போட்டது என் தப்பு."

"யாரு சொன்னாங்க?"

தூணருகே நின்ற பிரபாகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் கல்யாணமாகி வந்தபோது அவன் எட்டாவது படித்தான். அவள்தான் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

"என் கொழுந்தனுங்க. பிரபாகர். அந்தா நிக்கிறாரு."

பிறகு பின் வரிசையிலிருந்து நிர்மலாதேவி எழுந்தாள். "எங்கிட்டயும் டேங்குன்னுதான் சொன்னாருங்க. பதினொன்னாவது கையெழுத்து என்னுது." மாது எழுந்தார். பஞ்சர் கடை சின்னப்பராஜ் எழுந்தார். நாற்பத்து மூன்றில் முப்பத்தொரு பேர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து தங்கள் கையெழுத்தைக் காட்டி அதையே சொன்னார்கள். கோட்டாட்சியர் எழுதிக்கொண்டே இருந்தார். மேனேஜர் பாதியில் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அக்டோபரில் கம்பெனிக்கு அனுமதி மறுத்துக் கடிதம் வந்தது. பிரபாகர் மேல் கேஸ் போடவில்லை. எழுத்தில் விளக்கம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். கம்பெனி கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதால், அவன் அந்த நிலத்தை வேறொருவருக்குக் குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டி வந்தது.

தர்மன் ஊர் திரும்பியதும் முதலில் தம்பி வீட்டுக்குத்தான் போனான். அப்புறம் ஷெட்டுக்கு வந்து கேட்டான்.

"பேரைச் சொல்லாம இருந்திருந்தா கம்பெனி நின்னிருக்காதா?"

"நின்னிருக்காது."

அவன் தலையாட்டினான். இலைக்கட்டைத் தூக்கி உள்ளே வைத்தான்.

தை மாதம் பிரபாகரின் மகள் பிரியதர்ஷினிக்குக் கல்யாணம். பத்திரிகையை அவன் மனைவி மட்டும் வந்து வைத்தாள். அமுதவல்லி போனாள். மண்டப வாசலில் நின்றிருந்தவன் அவளைப் பார்த்ததும் கைகூப்பி, "வாங்க" என்றான். வழக்கமாகச் சேர்க்கும் 'அண்ணி'யைச் சேர்க்கவில்லை. அவள் உள்ளே போய்ப் பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.